ஐந்தரை மணி டீ

எங்கள் பக்கத்தில் பகல் பன்னிரண்டு மணிக்குச் சாப்பிடுவது டின்னர். மாலை ஐந்தரைக்குச் சாப்பிடுவது டீ. வறுத்த கறி, உருளைக்கிழங்கு, பட்டாணி, கேரட், மேலே கொஞ்சம் குழம்பு. அதற்குப் பெயர்தான் டீ. கோதுமை வயலில் பிறந்து கோதுமை வயலிலேயே கிழடு தட்டிய யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். குடிக்கிற டீ வேண்டுமென்றால் 'ஒரு கப்' என்று கேட்போம், தீர்ந்தது. இந்தச் சின்ன விஷயம் மெல்பர்னில் படித்துப் பட்டம் வாங்கியவர்களுக்குத் தெரியாது என்பது எண்பத்தொரு வயது வரை எனக்குத் தெரியாது.

என் தம்பி நெவிலுக்கு நடுக்குவாதம். நிலத்தை விற்றுவிட்டான், பெண்டாட்டி போய்ச் சேர்ந்துவிட்டாள், தானியக் கிடங்குக்குப் பின்னால் இருக்கும் பழைய வீட்டில் தனியாக இருக்கிறான். காலையில் போடும் மாத்திரை மத்தியானம் வரை கையைப் பிடித்து வைக்கும். அதனால் டின்னருக்குக் குறைவில்லை. நாலு மணிக்கு மேல் இரண்டு கையும் அவன் பேச்சைக் கேட்காது. மாத்திரையைக் கூட்டிப் பார்த்தார் டாக்டர். வீட்டுக்குள் இல்லாத ஆட்களெல்லாம் நடமாடுவதாகச் சொல்ல ஆரம்பித்தான், குறைத்துவிட்டார்.

ஒருநாள் மாலை குழம்புச் சட்டி கவிழ்ந்து மணிக்கட்டு வெந்துபோனது. அதிலிருந்து பொழுது சாய்ந்தால் அடுப்பைத் தொடமாட்டான். ரொட்டியில் ஜாமைத் தடவித் தின்றுவிட்டுப் படுத்துவிடுவான். அக்கா நீ போய் ஆக்கிப் போடக்கூடாதா என்பீர்கள். என் வீடு உப்பு ஏரிக்கு அந்தப் பக்கம். இருட்ட ஆரம்பித்தால் சாலையெல்லாம் கங்காரு. போன வருஷம் ஒன்று என் காரின் மூக்கைச் சப்பையாக்கிவிட்டுத் தன் பாட்டுக்குத் துள்ளிக்கொண்டு போனது. ஆக்கி வைத்துவிட்டு வரலாம்தான். ஆனால் அதைச் சூடாக்கித் தட்டை மேசைக்குக் கொண்டுவர ஒரு கை வேண்டுமே!

எடை இன்னும் இறங்கினால் தனியாக விடமுடியாது, பட்டணத்து முதியோர் இல்லத்துக்குத்தான் அனுப்பவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"அங்க போனவன் எவனாச்சும் நடந்து வெளிய வந்திருக்கானா, பெரில்?" என்று என்னைக் கேட்டான் நெவில். அங்கே போன எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோருடைய சவ அடக்கத்துக்கும் வந்தவர்களுக்கு நான்தான் சாண்ட்விச் வெட்டிக் கொடுத்தேன்.

ஆக, வேண்டியது ஒன்றே ஒன்று. மாலையில் யாராவது வந்து அவனுக்கு டீ போட்டுக் கொடுக்கவேண்டும். வயதானவர்கள் வீட்டிலேயே இருக்க அரசாங்கம் பணம் தருகிறது, விண்ணப்பித்தால் மதிப்பீட்டாளர் வந்து எதற்குத் தரலாம், எதற்குத் தரக்கூடாது என்று பார்ப்பார் என்றார்கள். விண்ணப்பித்தோம். கோதுமை விதைத்து அறுத்தும் ஆயிற்று, அப்புறம்தான் ஆள் வந்தது.

வந்தவன் பெயர் ட்ரிஸ்டன். வெள்ளை வெளேரென்று காலணி. எங்கள் செம்மண்ணில் அதைப் போட்டுக்கொண்டு வந்தபோதே இவனுக்கு எவ்வளவு புத்தி என்று எனக்குப் புரிந்திருக்கவேண்டும். கையகலக் கணினி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, நெவிலைப் பார்த்தது பாதி, திரையைப் பார்த்தது பாதியாகக் கேள்வி கேட்டான்.

"டின்னர் எல்லாம் எப்படி நெவில்? நீங்களே செஞ்சுக்கிறீங்களா?"

"பின்ன, வேற யாரு செய்யுறா? தினமும் நான்தான். நேத்துகூட சாப்ஸ் வறுத்தேன், மூணு காய் போட்டு."

"சூப்பருங்க! லஞ்ச்?"

"அதெல்லாம் பழக்கமில்ல தம்பி. நான் என்ன பேங்க் மேனேஜரா?"

"அப்ப காலையில சாப்பிட்டா நேரா டின்னர்தானா?"

"ஆமா. எங்கப்பனும் அப்படித்தான்."

ட்ரிஸ்டன் மகிழ்ச்சியோடு திரையில் தட்டிக்கொண்டான். இரவுச் சமையலைத் தானே செய்துகொள்ளும் நோயாளி கிடைத்த மகிழ்ச்சி அது என்று அப்போது யாருக்குத் தெரியும்? "வேற என்ன உதவி வேணும்?" என்றான்.

"ஒண்ணே ஒண்ணுதான். சாயங்காலம் அஞ்சரைக்கு யாராச்சும் வந்து டீ போட்டுக் குடுக்கணும்."

விரல் அந்தரத்தில் நின்றது. "டீயா?"

"டீதான். கை நடுங்குதுல்ல, சுடுறதைக் கொட்டிக்கிறேன். இந்தா, பாரு." வெந்த தழும்பைக் காட்டினான்.

"கஷ்டமா இருக்குங்க. ஆனா டீ இந்தத் திட்டத்துல வராது. அது எல்லாரும் அவங்கவங்க பாத்துக்கிற அன்றாட விஷயம். பராமரிப்புல சேராது."

எனக்கு வந்ததே கோபம்! "அறுபது வருஷம் வரி கட்டினவனுக்கு ஒரு டீ கிடையாதா? ஜெயில்ல கிடக்கிறவனுக்கே டீ குடுக்குறாங்களேப்பா!"

"ஜெயில் வேற துறைங்க," என்றான் பணிவாக.

பிறகு எதெல்லாம் சேரும் என்று எடுத்துச் சொன்னான். புல் வெட்டலாம், கால் தடுக்காமலிருக்க. ரோஜாவுக்குத் தண்ணீர் ஊற்றக்கூடாது, அது அழகு. ஜன்னலை உள்பக்கம் துடைக்கலாம். கழிப்பறை இருக்கையை உயர்த்தலாம், சாய்வு நாற்காலியை உயர்த்தமுடியாது, அது சொகுசு. நெவில் ஜன்னல் வழியே வெளியே பார்த்தான். பெரிய வறட்சிக்குப் பிறகு அந்த முற்றத்தில் ஒரு புல் முளைத்ததில்லை. "சரி, புல்லையாச்சும் வெட்டிட்டுப் போங்க," என்றான்.

நான் விடவில்லை. டீ வாங்காமல் இந்த இடத்தைவிட்டு நகரமாட்டேன் என்று வாசற்படியை மறித்துக்கொண்டு நின்றேன். ட்ரிஸ்டன் தன் மேலதிகாரியைத் தொலைபேசியில் அழைத்து எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தான். லூசிண்டா என்று ஒருத்தி. குரலிலேயே குளிர்சாதன அறை தெரிந்தது.

"தாகத்துக்குக் கேக்கறாரா, துணைக்குக் கேக்கறாரா?" என்றாள் லூசிண்டா. "துணைக்குன்னா அது வேற தலைப்பு. நிதி தீர்ந்துபோச்சு."

"துணையும் வேணாம், தொணப்பும் வேணாம். வயித்துக்கு!" என்றான் நெவில்.

"வயிறுன்னா... மலச்சிக்கலா?"

நெவிலுக்குக் காது சிவந்துவிட்டது. "டீ இல்லாட்டி அதுவுந்தான் வரும்."

அந்தப் பக்கம் இரண்டு மூன்று பேர் கூடிப் பேசும் சத்தம் கேட்டது. போருக்குப் போவதா வேண்டாமா என்று மந்திரிசபை கூடினால்கூட இவ்வளவு நேரம் பேசியிருக்காது. கடைசியில் லூசிண்டா வந்தாள். மலச்சிக்கல் வராமல் தடுப்பது பராமரிப்புதான். ஆகவே டீயை 'நீர்ச்சத்துப் பராமரிப்பு' என்ற தலைப்பில் அனுமதிக்கலாம். "ஆனா பிஸ்கட் சேராது," என்றாள்.

"பிஸ்கட்டு எவன் கேட்டான்?" என்றான் நெவில்.

ட்ரிஸ்டன் கைகொடுத்துவிட்டுப் போனான். கொடுக்கிற தெய்வம் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொடுக்கும் என்று நாங்கள் இரண்டு பேரும் வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தோம். நீர்ச்சத்து என்ற பெயர் கொஞ்சம் விசித்திரமாகப் பட்டது, உண்மைதான். ஆனால் அரசாங்கம் எதற்குத்தான் நேரான பெயர் வைத்திருக்கிறது?

மறுவாரமே ஆள் வர ஆரம்பித்தது. நான் திங்கட்கிழமை பகலில் போவேன், வெளிச்சம் இருக்கும்போதே திரும்பிவிடுவேன். "டீ வருதாடா?" என்று கேட்பேன். "வருது, டாண்ணு அஞ்சரைக்கு," என்பான். "எப்படி இருக்கு?" "குறை சொல்றதுக்கில்ல." இதை நம்பியது என் மடத்தனம் என்று சொல்லாதீர்கள். வெட்டுக்கிளி வயலைத் தின்றுவிட்டுப் போனபோதும் எங்கள் ஆண்கள் இதையேதான் சொன்னார்கள். குறை சொல்லத் தெரியாத ஜாதி. நானே இவர்களுக்கும் சேர்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

புல் வெட்டுகிறவனும் தவறாமல் வந்தான். இயந்திரத்தை ஓட்டினால்தான் வேலை நடந்ததாகக் கணக்காம். வெறும் கட்டாந்தரையில் அந்த முனையிலிருந்து இந்த முனைவரை ஓட்டுவான். செம்புழுதி எழுந்து, கொடியில் காயும் நெவிலின் சட்டைகளில் படியும். துணி துவைப்பது சேராது, புழுதி கிளப்புவது சேரும்.

குளிர்காலம் வந்தது. நெவிலின் கால்சட்டை இடுப்பில் நிற்காமல், வைக்கோல் கட்டுகிற கயிற்றை இறுக்கிக் கட்டியிருந்தான். கேட்டதற்குப் பெல்ட் தொலைந்துவிட்டது என்றான். கன்னம் குழி விழுந்திருந்ததற்கு, பல்செட்டைக் கழற்றி வைத்திருப்பதாகச் சொன்னான்.

ஒரு திங்கட்கிழமை என் கார் அவன் வாசலிலேயே படுத்துவிட்டது. மறுநாள்தான் மெக்கானிக் வருவான். ராத்திரி அங்கேயே தங்கினேன். ஐந்தரைக்குக் கதவைத் தட்டிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். பெயர் பிமலா, நேபாளத்துப் பெண். நெவிலை 'பாஜே' என்று கூப்பிட்டாள். அவர்கள் ஊரில் தாத்தாவை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். கெண்டியை வைத்தாள், இஞ்சியைத் தட்டிப் போட்டாள், இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்த கோப்பையில் ஊற்றி அவன் குடித்து முடிக்கும்வரை பிடித்துக்கொண்டாள். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"ஏம்மா, கிளம்பிட்டே? டீ எங்க?" என்றேன்.

"இப்பதானேம்மா குடுத்தேன்?"

"அது ஒரு கப்பு. நான் கேக்கறது டீ!"

அவள் என்னையும் கோப்பையையும் மாறி மாறிப் பார்த்தாள். "அதான்மா டீ."

நெவில் பக்கம் திரும்பினேன். "ஏண்டா, இத்தனை மாசமா இதுதானா உனக்கு டீ?"

"நல்லாத்தான் போடுறா. இஞ்சியெல்லாம் தட்டிப் போட்டு."

"கறி எங்கடா? கிழங்கு எங்க?"

"கவர்மெண்ட்டுல இவ்ளோதான் தருவாங்க போலன்னு நெனச்சேன். எல்லாத்தையும் குறைச்சுக்கிட்டே வர்றாங்கல்ல, டீயையும் குறைச்சிட்டாங்கன்னு விட்டுட்டேன். இந்தப் பொண்ணைக் கேட்டு என்ன ஆவப்போவுது, பாவம்."

யானைப் பசிக்குச் சோளப்பொரி. என் தம்பி மாதக்கணக்கில் வெந்நீரைக் குடித்துவிட்டுப் பசியோடு படுத்திருக்கிறான், அதற்கும் ஒரு நன்றி சொல்லிக்கொண்டு. அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன எனக்கு. ஆத்திரம் முந்திக்கொண்டது.

"எங்களுக்கு வந்த உத்தரவுல பானம் மட்டும்தான்மா," என்றாள் பிமலா, அவளுக்கே கண் கலங்கியிருந்தது. "நானே ஒருநாள் முட்டை செஞ்சு தரட்டான்னு கேட்டேன். பாஜேதான் வேணாம்னுட்டார்."

"அவ வேலைக்கு நான் உலை வைக்கணுமா?" என்றான் நெவில்.

மறுநாள் காலை முதல் வேலையாக லூசிண்டாவைத் தொலைபேசியில் பிடித்தேன்.

"அவரே டின்னர் செஞ்சுக்கிறதா சொல்லியிருக்காரே," என்றாள்.

"அது மத்தியானம்!"

"மத்தியானமா டின்னர்?"

"வேற எப்ப? மத்தியானம் டின்னர், சாயங்காலம் டீ!"

"சரி... டீதான் குடுத்துட்டோமே."

சுவரில் முட்டிக்கொள்வதே மேல். முட்டினால் சுவராவது கொஞ்சம் உதிரும். மறுபடியும் முதலிலிருந்து விளக்கினேன். கேட்டுக்கொண்டாள். மறுமதிப்பீடு கேட்கலாம், வரிசை நீளம், அடுத்த கோடை ஆகும் என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "உடம்பு இளைச்சிருக்காரா? அப்படின்னா உடனே வருவோம். வீட்டுல தனியா இருக்கத் தகுதி இருக்கான்னு முதல்ல பாக்கணும்," என்றாள்.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. பட்டினி போட்டது இவர்கள். இளைத்ததற்குத் தண்டனை அவனுக்கு. பசிக்கிறது என்று நான் வாயைத் திறந்தால் அவனை வண்டியில் ஏற்றிவிடுவார்கள். மூடிக்கொண்டிருந்தால் இன்னும் கொஞ்ச நாளில் டாக்டர் ஏற்றிவிடுவார். வாழ்நாளில் பொய் சொல்லக் கூசாத பெண்பிள்ளை நான். அன்றைக்கு அது கைகொடுத்தது.

"இளைக்கிறதா? கன்னுக்குட்டி கணக்கா இருக்கான்," என்றேன். "சும்மா ஒரு சந்தேகம். நீர்ச்சத்துன்னா டீ மட்டும்தானா?"

"இல்லைங்க, எந்தப் பானமும் குடுக்கலாம்."

"சூப்பு?"

"சூப்... பானம்தான். ஆனா எவ்வளவு கெட்டிங்கிறதைப் பொறுத்தது. கலந்து பேசிட்டுச் சொல்றேன்."

கலந்து பேசினார்கள். நாட்டின் சம்பளம் வாங்கும் மூளைகள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து சூப் எந்த இடத்தில் சாப்பாடாகிறது என்று பேசியிருக்கின்றன. தீர்ப்பு தொலைபேசியில் வந்தது. ஸ்பூனை நட்டுப் பார்க்கவேண்டும். சாய்ந்தால் பானம், நின்றால் உணவு.

"ஸ்பூன் சின்னதா, பெருசா?" என்று கேட்டேன்.

"கேட்டுச் சொல்றேங்க," என்றாள். கேலி என்றே அவளுக்குப் படவில்லை.

அன்றிலிருந்து ஆரம்பித்தேன். ஆட்டுக்கால் சதை எலும்பை விட்டுக் கழன்று விழும்வரை வேகவைப்பேன். பார்லி, கிழங்கு, பட்டாணி, கேரட் எல்லாவற்றையும் போட்டுக் கடைந்து, ஜாடி ஜாடியாக நெவிலின் ஃப்ரிட்ஜில் அடுக்கிவிட்டு வருவேன். மாலையில் பிமலா சூடாக்குவாள். அவன் மணிக்கட்டை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொள்வாள். அவன் தானே எடுத்துத் தின்பான். வசந்தம் வருவதற்குள் தொலைந்துபோன பெல்ட் கிடைத்துவிட்டது. எடை பார்த்த டாக்டர் இல்லத்தின் பேச்சையே எடுக்கவில்லை.

நல்லது நடந்தால் மூக்கு வியர்க்க ஒருத்தன் இருப்பானே. புழுதியை வெட்டுகிறவனுக்கு ஒருநாள் ஜன்னல் வழியாக ஆட்டுக்கறி மணத்திருக்கிறது. போய்ச் சொல்லிவிட்டான்.

ட்ரிஸ்டன் சொல்லாமல் கொள்ளாமல் ஐந்தரைக்கே வந்து நின்றான். பொழுது நீண்டுவிட்டதால் நானும் அங்கே இருந்தேன். மேசையில் கிண்ணம். அன்றைக்குப் பார்த்து நான் பார்லியைக் கொஞ்சம் தாராளமாகப் போட்டிருந்தேன். சூப்பா அது? ஸ்பூன் என்ன, கடப்பாரையை நட்டாலே நிற்கும்.

"தப்பா நினைச்சுக்காதீங்க, ஒரு சின்ன சோதனைதான்," என்றான் ட்ரிஸ்டன். "உணவா இருந்தா, அனுமதி இல்லாத சேவைன்னு நிறுத்தணும். அப்புறம் அவர் சாப்பாட்டுக்கு வேற ஏற்பாடு, அதாவது இல்லம்..."

பிமலாவின் முகம் வெளுத்தது. கிண்ணத்தைத் தட்டிவிட்டு விடலாமா என்றுகூட நினைத்தேன்.

"ஸ்பூனை யாரு நடணும்?" என்று கேட்டான் நெவில்.

ட்ரிஸ்டன் திரையில் தேடினான். "அப்படித் தனியா எதுவும் இல்லை. பயனாளி நடலாம்."

"நான்தானே பயனாளி? குடு இங்க."

பிமலா அவன் மணிக்கட்டைப் பிடிக்கப் போனாள். "விடு கண்ணு," என்றான். தானே ஸ்பூனை எடுத்தான். கிண்ணத்தின் நடுவில் நட்டான். கையை எடுக்கவில்லை. மாத்திரையின் வேகம் இறங்கிய நேரம். தோளிலிருந்து விரல்வரை ஆடியது. ஸ்பூன் கிண்ணத்தின் இரண்டு பக்கமும் தடதடவென்று அடித்தது. சூப் தெறித்து மேசையில் விழுந்தது, என் கைமேல் விழுந்தது, அந்த வெள்ளைக் காலணியில் விழுந்தது. நெவில் விடாமல் பிடித்துக்கொண்டே இருந்தான். ட்ரிஸ்டன் முதல்முறையாகத் திரையை விட்டு அந்தக் கையைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

"நல்லாப் பாரு தம்பி. நிக்குதா?" என்றான் நெவில்.

"இல்லைங்க. நிக்கலை," என்றான் ட்ரிஸ்டன்.

"எழுதிக்க."

அவன் குனிந்து தட்டினான்.

"எழுதிட்டியா? அப்ப நகரு. டீ ஆறுது."